உருவ ஒப்புமை சான்றாகுமா? – ஆங்கில நெடுங்கணக்கின் தோற்றம் குறித்த ஒரு மறுப்பு

தோற்றுவாய்

ஆங்கில நெடுங்கணக்கின் இருபத்தாறு எழுத்துகளும் தமிழ் எழுத்துகளிலிருந்தே பிறந்தன என்னும் கூற்று தமிழாய்வுலகில் அவ்வப்போது தலைகாட்டி வருகின்றது. மேடைப்பேச்சுகளிலும் சிறு வெளியீடுகளிலும் மட்டும் இக்கூற்று நின்றிருந்தால் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கருத்தரங்கக் கட்டுரைகளிலும் பட்ட ஆய்வேடுகளிலும் அது இடம்பெறத் தொடங்கியுள்ளமையால் அதனை ஆராய்ந்து மறுப்பது கடமையாகின்றது. தமிழகத்திற்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளுக்கு இக்கடமை மேலும் மிகுதி. வடமொழி, மொழியியல், தொல்லியல், வரலாறு ஆகிய துறையினரின் நடுவே அமர்ந்து தமிழின் தொன்மையைச் சான்றுகாட்டி நிறுவ வேண்டிய நிலையில் அவை உள்ளன. அங்கே ஒரு பொய்ச்சான்று முன்வைக்கப்பட்டால் அதனோடு சேர்ந்து பத்து மெய்ச்சான்றுகளும் ஐயத்திற்கு உள்ளாகும்.

இக்கூற்றினர் கையாளும் முறை எளியது. இன்றைய ஆங்கில எழுத்து ஒன்றினையும் இன்றைய தமிழ் எழுத்து ஒன்றினையும் அருகருகே வைப்பர். ஒன்றினைச் சாய்த்தும், திருப்பியும், ஒரு கோட்டினை நீக்கியும், மற்றொரு கோட்டினைச் சேர்த்தும் இரண்டும் ஒன்றே என்பர். இம்முறை ஆய்வுமுறை ஆகாது என்பதனை ஆங்கில எழுத்துகளின் மெய்யான வரலாறே காட்டுகின்றது.

‘ஆங்கில எழுத்து’ என்னும் பெயர்

இக்கூற்றின் முதற்பிழை மொழியையும் எழுத்தையும் ஒன்றெனக் கொள்வதாகும். ஆங்கில எழுத்து எனப்படுவது ஆங்கிலேயருடையது அன்று. அஃது இலத்தீன் எழுத்து. ஆங்கில மொழியினரின் முன்னோர் ‘ரூன்’ எனப்படும் வேறொரு வரிவடிவத்தைக் கொண்டிருந்தனர். கி.பி. 597-இல் அகஸ்டீன் தலைமையில் உரோமிலிருந்து கிறித்தவச் சமயப் பணியாளர் கெண்ட் நாட்டில் வந்திறங்கிய பின்னரே இலத்தீன் எழுத்து அங்குப் படிப்படியாக வேரூன்றியது. இலத்தீனில் இல்லாத ஒலிகளுக்காக ‘தார்ன்’, ‘வின்’ என்னும் இரண்டு ரூன் எழுத்துகள் நெடுங்காலம் உடன்வைத்துக் கொள்ளப்பட்டன. பின்னர் அவையும் வழக்கொழிந்தன.

மொழி வேறு, எழுத்து வேறு என்பதற்குச் சான்று தேடித் தொலைநாடு செல்ல வேண்டியதில்லை. கொங்கணி மொழி தேவநாகரி, கன்னடம், மலையாளம், உரோமன் ஆகிய பல வரிவடிவங்களில் எழுதப்படுகின்றது. துருக்கி மொழி 1928-இல் அரபு எழுத்தினை விடுத்து இலத்தீன் எழுத்தினை மேற்கொண்டது. அதனால் துருக்கி மொழி இலத்தீனின் மகளாகிவிடவில்லை. 1554-இல் லிஸ்பன் நகரில் அச்சான ‘கார்த்திலா’ என்னும் நூலில் தமிழ்மொழி உரோமன் எழுத்துகளிலேயே அச்சிடப்பட்டது. எழுத்தின் பிறப்பினை நிறுவினால் மொழியின் பிறப்பினை நிறுவியதாகும் என்னும் எண்ணம் இங்கேயே வீழ்கின்றது.

எருதின் தலையிலிருந்து ‘ஏ’ வரை

சினாய் தீவக்குறையில் செராபித் எல் காதிம் என்னும் இடத்தில் எகிப்தியர் பச்சைநீல மணிக்கல் அகழ்ந்த சுரங்கங்கள் உள்ளன. 1905-ஆம் ஆண்டளவில் பிளிண்டர்ஸ் பெட்ரி அங்கு ஆய்வு நிகழ்த்தியபோது எகிப்தியப் பட எழுத்தினை ஒத்தும் அதனின் வேறுபட்டும் அமைந்த சில பொறிப்புகளைக் கண்டார். 1916-இல் ஆலன் கார்டினர் அவற்றுள் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடரினைத் தலைவி எனப் பொருள்படும் ‘பஅலத்’ என்னும் செமித்தியச் சொல்லாகப் படித்துக் காட்டினார். எகிப்தியப் படங்களை எடுத்துக்கொண்டு, அப்படத்திற்குரிய செமித்தியச் சொல்லின் முதலொலியை மட்டும் அப்படத்திற்கு ஒலிமதிப்பாகக் கொள்வதே இவ்வெழுத்துமுறையின் அடிப்படை. வீட்டின் படம் ‘பேத்’ என்னும் சொல்லின் முதலொலியையும், நீரலையின் படம் ‘மேம்’ என்னும் சொல்லின் முதலொலியையும், கண்ணின் படம் ‘அயின்’ என்னும் சொல்லின் முதலொலியையும் குறித்தன.

1990-களில் நைல் ஆற்றின் மேற்கே வாதி எல் ஹோல் என்னும் பள்ளத்தாக்கில் இவ்வகைப் பொறிப்புகள் மேலும் கண்டறியப்பட்டன. இவற்றின் காலத்தைக் கணிப்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு; எனினும் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் முற்பாதியைச் சார்ந்தவை என்பதே பெரும்பான்மையோர் கொள்கை. 2022-இல் வெளியிடப்பட்ட லாகீஷ் தந்தச் சீப்பின் பதினேழு எழுத்துகள், தலையிலும் தாடியிலும் உள்ள பேனை அச்சீப்பு ஒழிக்கட்டும் என்னும் பொருளுடைய ஒரு முழுத்தொடராக அமைந்துள்ளன. அரசரின் வெற்றியையோ கடவுளின் புகழையோ கூறாமல் பேன் பற்றிப் பேசும் அவ்வெழுத்தே இன்றைய ‘ஏ’, ‘பி’, ‘சி’யின் மூதாதை வரிசையில் நிற்கின்றது.

முதலெழுத்தாகிய ‘ஏ’யின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. அது தொடக்கத்தில் கொம்புகள் மேல்நோக்கிய ஓர் எருதின் தலை. ‘ஆலெப்’ என்பது எருதினைக் குறிக்கும் செமித்தியச் சொல். பினீசியர் கையில் அத்தலை கோடுகளாகச் சுருங்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. கிரேக்கர் கையில் மேலும் திரும்பிக் கொம்புகள் கீழ்நோக்கின. இன்றைய ‘ஏ’யின் இரண்டு கால்கள் எனத் தோன்றுபவை அவ்வெருதின் கொம்புகளே. ஒலியும் மாறியது. செமித்திய மொழிகளில் அது தொண்டையடைப்பொலியாகிய ஒரு மெய். அவ்வொலி கிரேக்கத்தில் தனியெழுத்தாக வேண்டப்படாமையால் அவ்வடிவம் அகர உயிருக்கு ஆளப்பட்டது. ‘ஓ’வும் அவ்வாறே கண்ணின் படமாகவும் தொண்டையொலி மெய்யாகவும் தொடங்கி உயிரெழுத்தானதாகும். ஒவ்வொரு படிநிலைக்கும் கல்லிலும் மட்கலத்திலும் இடைநிலை வடிவங்கள் கிடைக்கின்றமையே இவ்வரலாற்றின் வலிமை.

இதற்கு மாறாக, ‘ஏ’யினை இன்றைய அகரத்தோடு ஒப்பிடுவோர் அகரத்தின் வரலாற்றினையும் மறந்துவிடுகின்றனர். தமிழ்ப் பிராமியில் அகரம் இன்றைய சுழியும் வளைவும் உடையதன்று; ஒரு செங்குத்துக் கோட்டின் இடப்புறம் இரண்டு சாய்கோடுகள் சேர்ந்த நேர்கோட்டு வடிவம் அது. இன்றைய வடிவம் பல்லவர், சோழர் காலங்களின் ஊடே படிப்படியாக உருவானது. இரண்டு மரங்களின் இன்றைய நுனிகளை ஒப்பிட்டு அவற்றின் வேர்கள் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது.

ஒரு வடிவம் பல எழுத்து. ஒரே வடிவம் பல ஒலி

உருவ ஒப்புமையின் பொருந்தாமையைக் காட்ட ஆங்கில நெடுங்கணக்கினும் சிறந்த சான்று வேறில்லை. கொக்கி எனப் பொருள்படும் ‘வாவ்’ என்னும் ஒரே செமித்திய எழுத்திலிருந்து ‘எப்’, ‘யூ’, ‘வி’, ‘டபிள்யூ’, ‘ஒய்’ ஆகிய ஐந்து ஆங்கில எழுத்துகள் பிறந்துள்ளன. ‘எப்’பும் ‘யூ’வும் உருவத்தால் எவ்வகையிலும் ஒத்தன அல்ல, ஆயினும் அவை உடன்பிறப்புகள்.

இதன் மறுதலையும் உண்மையே. கூட்டல் குறி போன்ற வடிவம் பிராமியில் ககரம். பழைய செமித்திய எழுத்தில் அதே வடிவம் ஆங்கில நெடுங்கணக்கின் இருபதாம் எழுத்திற்கு மூலமாகிய ‘தாவ்’. வலப்புறம் திறந்த பிறைவடிவம் பிராமியில் டகரம். இலத்தீனில் அதுவே ‘சி’. ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்தின் வடிவம் கிரேக்கத்தில் ரகர ஒலியினைக் குறிக்கின்றது. அமெரிக்கப் பழங்குடியினராகிய செரோக்கியருக்காக சிக்குவோயா என்பவர் 1821-இல் நிறைவுசெய்த அசையெழுத்து முறையில் ‘எச்’ வடிவம் ‘மி’ என்றும், ‘டபிள்யூ’ வடிவம் ‘ல’ என்றும் ஒலிக்கப்படும். இங்கு வடிவங்கள் அச்சு நூல்களிலிருந்து கண்ணால் கண்டு எடுக்கப்பட்டவை; ஒலிகளுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை.

நேர்கோடு, சாய்கோடு, வட்டம், பிறை ஆகிய சிலவற்றைக் கொண்டே மனிதர் எங்கும் எளிய குறிகளை அமைக்கின்றனர். ஆதலின் எவ்விரு எழுத்துமுறைகளை ஒப்பிடினும் சில வடிவங்கள் ஒத்திருத்தல் இயல்பு. இவ்வுண்மையை மறந்தமையால் நேர்ந்த இழுக்கு எழுத்தாய்வு வரலாற்றில் பதிவாகியுள்ளது. 1932-இல் ஹெவெசி என்பவர் சிந்துவெளிக் குறிகளையும் பசிபிக் பெருங்கடலின் ஈஸ்டர் தீவுக் குறிகளையும் இணையிணையாக அடுக்கிக் காட்டியபோது அறிஞர் பலர் வியந்தனர். இரண்டிற்கும் இடையே மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியும் உலகின் ஒரு பாதியும் கிடந்தன. இடைநிலைச் சான்று ஒன்றுமின்றி அக்கொள்கை கைவிடப்பட்டது. தமிழாய்வாளர் சிலர் இன்று கையாளும் முறை அம்முறையே.

உறவினை நிறுவும் அளவைகள்

ஓர் எழுத்துமுறை மற்றொன்றிலிருந்து பிறந்தது என நிறுவ வேண்டுமாயின் காலம், தொடர்பு, ஒலிமதிப்பு, வரிசையும் பெயரும், இடைநிலை வடிவம் ஆகிய ஐந்தினையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். பினீசிய எழுத்திலிருந்து கிரேக்க எழுத்துப் பிறந்தது என்னும் கொள்கை இவ்வளவைகளில் தேறுகின்றது. பினீசிய எழுத்து காலத்தால் முந்தியது. பினீசியர் கடல்வணிகர், கிரேக்கரோடு அவர்களுக்கிருந்த தொடர்பு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. மெய்களின் ஒலிமதிப்பு பெரும்பாலும் ஒத்துள்ளது. ‘ஆல்பா’, ‘பீட்டா’ என்னும் பெயர்களுக்குக் கிரேக்க மொழியில் பொருளில்லை. செமித்திய மொழியில் எருது, வீடு எனப் பொருளுண்டு. எழுத்துகளின் வரிசையும் ஒன்றே; அவ்வரிசையின் தொன்மையை உகாரித் நகரில் கிடைத்த கி.மு. 14, 13-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த களிமண் நெடுங்கணக்குகள் உறுதிசெய்கின்றன. கி.மு. 8-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பொறிப்புகள் பினீசிய முறைப்படி வலமிருந்து இடமாகச் செல்வதும் உண்டு.

தமிழ் மூலம் எனும் கூற்றினை இதே அளவைகளில் நிறுத்துக. காலத்தை நோக்கின், கீழடி அகழாய்வு குறித்து 2019-இல் வெளியான அறிக்கை தமிழ்ப் பிராமி எழுத்தினை கி.மு. 6-ஆம் நூற்றாண்டிற்குக் கொண்டு சென்றது. அது தமிழுக்குப் பெருமையே. ஆயினும் சினாய்ப் பொறிப்புகள் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவை. கிரேக்கரும் அதற்கு முன்னரே எழுதத் தொடங்கிவிட்டனர். பின்னது முன்னதற்குத் தாயாதல் இயலாது.

தொடர்பினை நோக்கின், எகிப்தின் செங்கடற்கரையில் குசேர் அல் காதிம், பெரெனிகே ஆகிய துறைமுகங்களில் தமிழ்ப் பிராமி பொறித்த மட்கல ஓடுகள் கிடைத்துள்ளமை சான்றாகக் காட்டப்படுகின்றது. கணன், சாதன், கொற்றபூமான் முதலிய பெயர்களைத் தாங்கிய அவ்வோடுகள் விலைமதிப்பற்றவை. ஆனால் அவை கிறித்து ஊழியின் தொடக்க நூற்றாண்டுகளைச் சார்ந்த கடல்வணிகத்தின் சான்றுகள். அவை எகிப்தினை அடைந்த காலத்தில் இலத்தீன் நெடுங்கணக்கு முழுமை பெற்றுப் பேரரசு ஒன்றின் எழுத்தாக விளங்கிக்கொண்டிருந்தது.

ஒலிமதிப்பும் வரிசையும் இக்கூற்றினை அடியோடு தகர்க்கின்றன. தமிழ் நெடுங்கணக்கு உயிர்களை முதலில் நிறுத்தி, குறிலும் நெடிலும் இணைத்து, மெய்களை வல்லினமும் மெல்லினமும் இணையாக ஒலிப்பிடத்தின் முறைப்படி அடுக்குவது. ஆங்கில நெடுங்கணக்கிலோ உயிரும் மெய்யும் முறையின்றி விரவிக் கிடக்கின்றன. தமிழிலிருந்து எடுத்திருப்பின் இத்துணைச் செப்பமான வரிசையைச் சிதைத்துவிட்டு எடுத்ததற்குக் காரணம் கூற வேண்டும். அன்றியும், பினீசிய எழுத்துகள் இருபத்திரண்டும் மெய்களே. உயிருக்கு ஓரெழுத்தும் அதில் இல்லை. பன்னிரண்டு உயிர்களைத் தலையில் கொண்ட எழுத்துமுறையிலிருந்து உயிரே இல்லாத எழுத்துமுறை தோன்றியது எங்ஙனம்? தமிழில் இல்லாத தொண்டையொலிகளுக்கு அதில் தனியெழுத்துகள் வந்தது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு அக்கூற்றினரிடம் விடையில்லை.

சிந்துவெளி எழுத்தினை இடையே நிறுத்திக் காலத்தடையைத் தாண்ட முயல்வோரும் உளர். சிந்துவெளி மொழி திராவிடமாக இருத்தல் கூடும் என்னும் கருதுகோள் மதிக்கத்தக்கது. அஸ்கோ பர்ப்போலா, ஐராவதம் மகாதேவன் போன்றோர் அதற்காக நெடிது உழைத்துள்ளனர். ஆனால் அவ்வெழுத்து அனைவரும் ஏற்கும் வகையில் இன்னும் படிக்கப்படவில்லை. இருமொழிப் பொறிப்பும் கிடைக்கவில்லை. ஒலிமதிப்பு அறியப்படாத குறியினை ஒலிமதிப்பு அறியப்பட்ட எழுத்திற்குத் தாயெனக் கூறுதல் அறியாததனைக் கொண்டு அறிந்ததனை விளக்கும் செயலாகும்.

கடன்பெறுதல் இழிவா?

இக்கூற்றின் உள்ளே உறைந்துள்ள அச்சம் ஒன்றினையும் வெளிப்படுத்துதல் வேண்டும். எழுத்தினைப் பிறரிடம் பெற்றவர் தாழ்ந்தவர், கொடுத்தவர் உயர்ந்தவர் என்னும் எண்ணமே அது. ஆங்கில ஆட்சியின்கீழ் இகழப்பட்ட மொழியினர், ஆண்டவனின் எழுத்தே தம்மிடமிருந்து சென்றது எனக் கூற விழைதல் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயின், ஆங்கிலேயர் பெருமைகொள்ள அவ்வெழுத்தில் அவர்தம் படைப்பு ஏறத்தாழ ஒன்றுமில்லை. அதன் வேர் ஐரோப்பாவில் இல்லை. எகிப்தின் அருகே வாழ்ந்த மேற்காசிய மக்களிடம் உள்ளது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரான எரோடோட்டசு தம் மக்கள் எழுத்தினைப் பினீசியரிடம் பெற்றனர் எனத் தயங்காது எழுதினார். அதனால் கிரேக்கத்தின் புகழ் குன்றவில்லை.

கடன்பெற்றவர் அதனைத் தம் மொழிக்கேற்ப எவ்வாறு திருத்தினர் என்பதிலேயே அறிவு வெளிப்படுகின்றது. கிரேக்கர் வேண்டாத மெய்வடிவங்களை உயிர்களாக்கினர். கிரேக்கரிடம் எழுத்தினைப் பெற்ற எத்ருஸ்கரின் மொழியில் ககர ஒலிப்பும் அதன் மென்மையொலிப்பும் வேறுபடாமையால் ‘சி’ வடிவமே ககரத்திற்கு வழங்கியது. அதனைப் பெற்ற உரோமர் இரண்டு ஒலிகளுக்கும் ஓரெழுத்தால் இடர்ப்பட்டனர். பின்னர் அதன் மேல் ஒரு சிறுகோடு சேர்த்து ‘ஜி’யினை உண்டாக்கி, வழக்கிழந்த ‘இசட்’ இருந்த ஏழாம் இடத்தில் அதனை அமர்த்தினர். கி.மு. 3-ஆம் நூற்றாண்டினரான ஸ்பூரியஸ் கார்விலியஸ் இதனைச் செய்தார் என்பது மரபு. கிரேக்கச் சொற்களை எழுத வேண்டி ‘இசட்’ மீண்டும் வந்தபோது அதற்கு இறுதியிடமே கிடைத்தது. ‘ஜே’யினை ‘ஐ’யிலிருந்தும் ‘வி’யினை ‘யூ’விலிருந்தும் பிரித்து எழுத வேண்டும் என இத்தாலியரான திரிசீனோ 1524-இல் முன்மொழிந்தார். 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியிலும் அவ்விணைகள் ஒரே வரிசையில் கலந்தே அடுக்கப்பட்டன. இருபத்தாறு என்னும் எண்ணிக்கை நிலைபெற்றது அண்மைக் காலத்தில்தான்.

இவ்வளவையினால் நோக்கும்போதுதான் தமிழின் உண்மையான பெருமை புலப்படுகின்றது. பிராமியின் மூலம் செமித்தியமா, இந்திய மண்ணா என்பது 1890-களில் பியூலர் எழுதிய காலந்தொட்டு வழக்காடப்படும் வினா. அது இன்னும் முடிவு பெறவில்லை. முடிவு எதுவாயினும் தமிழர் அவ்வெழுத்தில் செய்தது மறுக்க முடியாதது. தமிழுக்கு வேண்டாத வருக்க எழுத்துகளை விலக்கினர். ழகரம், ளகரம், றகரம், னகரம் ஆகியவற்றிற்கு வடிவம் வகுத்தனர். அகரமேறிய மெய்யினின்று தனிமெய்யை வேறுபடுத்தப் புள்ளியைக் கண்டனர். தொல்காப்பியம் அதனை இலக்கணமாகவே வரையறுத்துள்ளது. வீரமாமுனிவர் எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டினைத் திருத்தியமைத்ததும், பெரியார் 1935-இல் கையாண்ட சீர்மையின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டு அரசு 1978-இல் ஏற்றதும் அம்மரபின் தொடர்ச்சியே. ஒரு சிறுகோட்டினால் ‘ஜி’யைப் படைத்த உரோமரைவிட ஒரு புள்ளியால் மெய்யனைத்தையும் தெளிவுபடுத்திய தமிழர் குறைந்தவர் அல்லர். இதனை நிறுவ எவருடைய எழுத்திற்கும் தாயுரிமை கோர வேண்டியதில்லை.

முடிவுரை

தமிழ் உலகிற்கு அளித்தவை சான்றுடன் காட்டத்தக்கனவாகப் பல உள்ளன. கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் முதலிய சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்தமையை ஆங்கிலேயரே தொகுத்த 1886-ஆம் ஆண்டின் ‘ஹாப்சன் ஜாப்சன்’ பதிவுசெய்துள்ளது. அச்சொற்களின் வழக்கினை நூல் காட்டியும் ஆண்டு காட்டியும் மெய்ப்பிக்கலாம். உருவ ஒப்புமை வாதத்திற்கோ நூலும் இல்லை, ஆண்டும் இல்லை.

ஆகவே எழுத்தின் தோற்றம் குறித்த ஆய்வேடு எதுவாயினும் மேற்கூறிய ஐந்து அளவைகளுக்கும் விடை கூறாதவரை அதனை ஏற்றல் கூடாது என்னும் வரையறையைத் தமிழ்த்துறைகள் தாமே விதித்துக்கொள்ளுதல் வேண்டும். நெறியாளர் இதில் காட்டும் இரக்கம் மாணவருக்குச் செய்யும் தீங்காகும். கொடுமணலிலும் பொருந்தலிலும் கீழடியிலும் கிடைத்த பொறிப்போடுகள் எழுத்து வடிவ அடிப்படையில் வகைப்படுத்தப்பட்டு, மண்ணடுக்கு அடிப்படையில் காலம் கணிக்கப்பட்டு, ஒன்றோடொன்று ஒப்பிடப்பட வேண்டிய பணி பெரிதாக உள்ளது. அப்பணிக்குத் தமிழும் தொல்லியலும் ஒருங்கு கற்ற இளைஞர் வேண்டும். அவர்தம் உழைப்பினை ‘ஏ’யினைத் திருப்பி அகரமாக்கும் முயற்சியில் வீணாக்குதல் தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது.